அடுத்து எதைப் படிக்கலாம்? நூல் பரிந்துரைக்கக் கற்றுக்கொள்வோருக்கு ஓர் அறிமுகம்

“‘பொன்னியின் செல்வன்’ மாதிரி இன்னொரு புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்” என்ற வேண்டுகோளைக் கிளை நூலகத்தின் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரும், புத்தகக் கண்காட்சியில் அரங்கு போட்டிருப்பவரும், நண்பர்களிடையே நிறையப் படிப்பவர் என்று பெயர் எடுத்தவரும் ஒருமுறையேனும் கேட்டிருப்பார்கள். கேட்ட மாத்திரத்தில் நம் நாவில் வருவது சோழரையோ பல்லவரையோ பற்றிய வேறொரு வரலாற்றுப் புதினத்தின் பெயர்தான். அது சிலருக்குப் பொருந்திவிடுகிறது. மற்றவர்கள் நாற்பது ஐம்பது பக்கங்களுக்குப் பிறகு மூடி வைத்துவிட்டு, “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மாதிரி இல்லை” என்று தயங்கியபடி திருப்பித் தருகிறார்கள். அந்தப் புதினத்திலும் குறையில்லை, வாசகரிடமும் குறையில்லை. அவர் கேட்டது தாம் அடைந்த ஓர் அனுபவத்தை. நாம் எடுத்துக் கொடுத்தது ஒரு காலகட்டத்தை. இவ்விரண்டும் வேறு வேறு என்று உணர்வதிலிருந்துதான் நூல் பரிந்துரைக்கும் பயிற்சி தொடங்குகிறது.

இது பயிற்சியால் வரக்கூடிய திறமை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிறையப் படித்தவர் நன்றாகப் பரிந்துரைப்பார் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் ஏராளமாகப் படித்தவர்கள்தாம் பல நேரங்களில் எதிரே இருப்பவரின் தேவையைக் காணத் தவறுகிறார்கள். தம் மனத்தை உலுக்கிய நூல் எல்லார் மனத்தையும் உலுக்க வேண்டும் என்ற ஆவலில், கேட்டவரை மறந்து நூலைப் பற்றியே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பரிந்துரைப்பவரின் கவனம் நூலின் மேல் பாதியும் வாசகரின் மேல் பாதியும் இருக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், 1931-இல் நூலாக வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டு இதைப் பற்றியவையே: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். கணிதப் பேராசிரியராக இருந்து நூலகத்துறைக்கு வந்த அவர், நூலகத்தில் அடுக்கப்பட்டிருக்கும் நூல்களைக் காட்டிலும் அவை உரிய கைகளைச் சென்றடைவதையே பெரிதாகக் கருதினார்.

அமெரிக்கப் பொது நூலகங்களில் இதற்கென்றே ஒரு பணி 1920-களில் உருவாயிற்று. அன்றைய வாசகர் ஆலோசகர்களின் நோக்கம் வயதுவந்தோர் கல்வி. ஒருவர் இசையைப் பற்றியோ பொருளாதாரத்தைப் பற்றியோ அறிய விரும்பினால், எதை முதலில் படிப்பது, எதை அடுத்துப் படிப்பது என்று அவருக்காகப் பட்டியல் வகுத்துக் கொடுத்தார்கள். பொழுதுபோக்குக்காகக் கதை படிப்பவர் அதில் முக்கியமானவராகக் கருதப்படவில்லை. அந்தப் பணி பின்னர் மங்கி, 1980-களில் வேறு முகத்தோடு மீண்டும் எழுந்தது. துப்பறியும் கதை, காதல் கதை, அறிவியல் புனைகதை முதலிய வகைமைகளுக்கு வழிகாட்டும் நூல் ஒன்றை 1982-இல் வெளியிட்ட பெட்டி ரோசன்பெர்க், உங்கள் வாசிப்பு ரசனைக்காக ஒருபோதும் மன்னிப்புக் கேட்காதீர்கள் என்பதை வாசிப்பின் முதல் விதியாக வகுத்தார். சிகாகோவுக்கு அருகிலுள்ள டவுனர்ஸ் குரோவ் பொது நூலகத்தைச் சேர்ந்த ஜாய்ஸ் சாரிக்ஸும் நான்சி பிரவுனும் 1989-இல் எழுதிய கையேடு, ஒரு நூல் எதைப் பற்றியது என்பதை விட்டுவிட்டு, அது வாசகரை எதனால் ஈர்க்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது. இன்றைய பயிற்சிகள் பெரும்பாலும் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கின்றன.

நூலக அலமாரியின் ஒழுங்கு இந்தக் கேள்விக்கு விடை தராது என்பதையும் கவனிக்க வேண்டும். மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண்ணும், அதில் புனைகதைக்கு 894.8113 என்ற எண்ணும் உண்டு. சோழ இளவரசர்களைப் பற்றிய கதையும், ரோபோ நாய் வருகிற கதையும், கும்பகோணத்துத் தெருவொன்றின் குடும்பக் கதையும் தமிழில் எழுதப்பட்ட புனைகதைகள் என்ற ஒரே காரணத்தால் அந்த ஒரே எண்ணின் கீழ் வருகின்றன. நூலைத் தேடி எடுப்பதற்கு அந்த எண் போதும். இன்னாருக்கு இது பிடிக்குமா என்று அறிவதற்கு அது பயன்படாது.

வகைமைப் பெயர் எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாகச் சொல்கிறது. வகைமை என்பதை ஆசிரியர் வாசகருக்குக் கொடுக்கும் வாக்குறுதியாகப் புரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். துப்பறியும் கதை, தொடக்கத்தில் கலைந்துபோன ஒழுங்கு முடிவில் மீளும் என்றும், விடைக்கான தடயங்கள் வாசகரின் கண்முன்னே வைக்கப்படும் என்றும் வாக்களிக்கிறது. காதல் கதை, எத்தனை இடர் வந்தாலும் இருவரும் சேர்வார்கள் என்று வாக்களிக்கிறது. அந்த உறுதி இருப்பதால்தான் களைத்துப்போன ஒருவர் நடுவில் வரும் துன்பங்களை அச்சமின்றிப் படிக்க முடிகிறது. பேய்க்கதை நம்மை அஞ்சவைப்பதாகவும், அறிவியல் புனைகதை ‘இப்படி நடந்தால் என்ன ஆகும்’ என்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதன் விளைவுகளைக் கடைசிவரை தொடர்வதாகவும் வாக்களிக்கின்றன. வரலாற்றுப் புதினத்தின் வாக்கு, இன்று இல்லாத ஓர் உலகத்தை நாம் நடமாடக்கூடிய அளவுக்குக் கட்டித் தருவேன் என்பது. ஒரு வகைமையைப் பழக்கமில்லாதவர் பார்க்கும்போது, “எல்லாம் ஒரே மாதிரிதானே முடிகிறது” என்று சொல்வதுண்டு. அந்த வகைமையின் வாசகர் விரும்புவது அந்த முடிவின் உறுதியைத்தான் என்பது அவருக்குத் தெரிவதில்லை. குடும்ப நாவல்களையும் பாக்கெட் நாவல்களையும் கீழாகப் பேசிவந்த பழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. பரிந்துரைக்க விரும்புகிறவர் முதலில் விட வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். தம் ரசனை இகழப்படுவதை ஒருமுறை உணர்ந்த வாசகர், அடுத்த முறை தமக்கு உண்மையில் எது பிடித்தது என்று சொல்ல மாட்டார். மரியாதைக்குரிய ஏதோ ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாம் செய்யும் பரிந்துரை எதுவும் அவருக்குப் பொருந்தாது.

ஆயினும் வகைமையோடு நின்றுவிட முடியாது. ஒரே வகைமைக்குள் ஒன்றுக்கொன்று சற்றும் ஒவ்வாத நூல்கள் இருக்கின்றன. வெவ்வேறு வகைமைகளில் உடன்பிறந்தவை போன்ற நூல்களும் இருக்கின்றன. சாரிக்ஸ் இதற்காகக் கவனிக்கச் சொல்லும் கூறுகள் சில: கதை நகரும் வேகம், மாந்தர் வார்க்கப்பட்டிருக்கும் விதம், கதைப்பின்னல், களமும் பின்னணியும், நூல் முழுதும் பரவியிருக்கும் மனநிலை, மொழிநடை. இவற்றுள் தொடக்கநிலையினர் எளிதில் பற்றிக்கொள்ளக்கூடியது வேகம். இயல்கள் சிறியனவா பெரியனவா, உரையாடல் மிகுதியா வருணனை மிகுதியா, ஒரு பக்கத்தில் எத்தனை நிகழ்ச்சிகள் நடக்கின்றன என்று புரட்டிப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். மனநிலையைப் பிடிப்பதுதான் கடினம், ஏனெனில் அதைப் பின்னட்டைக் குறிப்பு சொல்வதில்லை. ஒரே ஊரில் ஒரே காலத்தில் நடக்கும் இரண்டு கதைகளில் ஒன்று நம்பிக்கையோடும் மற்றொன்று கசப்போடும் எழுதப்பட்டிருந்தால், இரண்டும் வேறு வேறு வாசகர்களுக்கானவை.

சியாட்டில் நகர நூலகத்தில் பணியாற்றிய நான்சி பெர்ல் இந்தக் கூறுகளை இன்னும் சுருக்கி, நூலுக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்றார்: கதை, மாந்தர், களம், மொழி. எல்லா நூலிலும் நான்கும் உண்டு, ஆனால் நான்கும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. வாசகருக்கும் தமக்குப் பழகிய வாசல் ஒன்றோ இரண்டோ இருக்கும். மிகப் பலர் நுழைவது கதை வாசல் வழியாகத்தான் என்பதும், மொழி வாசல் வழியாக நுழைபவர் குறைவு என்பதும் அவர் கருத்து. வாசகரிடம் போய் உங்கள் வாசல் எது என்று கேட்க வேண்டியதில்லை. பிடித்த நூலைப் பற்றி அவர் இயல்பாகப் பேசும்போது அது தானே வெளிப்பட்டுவிடும். “கீழே வைக்கவே மனசு வரவில்லை, விடிய விடியப் படித்தேன்” என்பவர் கதையால் இழுக்கப்பட்டவர். “நந்தினியை இன்னும் மறக்க முடியவில்லை” என்பவருக்கு மாந்தர்தான் எல்லாம். “அந்தக் காலத்துக்கே போய்விட்டு வந்த மாதிரி இருந்தது” என்பவர் களத்தில் வாழ்ந்தவர். “எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்” என்று சொல்லிவிட்டு ஒரு வரியை நினைவிலிருந்து ஒப்பிப்பவர் மொழியை நேசிப்பவர்.

இனி முதலில் சொன்ன வேண்டுகோளுக்குத் திரும்பலாம். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக விரிந்த அந்தப் புதினத்தை ஒரே நூலாக எண்ணினாலும், அதைப் படித்து மகிழ்ந்தவர்கள் ஒரே வகையினர் அல்லர்.

வாரந்தோறும் அடுத்த இதழுக்காகக் காத்திருக்கச் செய்யும்படி முடிகிற இயல்களும், பாதாள நிலவறைகளும், சதியாலோசனைகளும்தாம் ஒருவரைக் கட்டிப்போட்டன என்றால் அவரை வரலாற்றுக்குள்ளேயே நிறுத்தி வைக்க வேண்டிய தேவை இல்லை. சாண்டில்யனின் ‘கடல் புறா’ அவருக்கு எளிய அடுத்த படி. மூன்று பாகங்களில் கடற்போரும் துணிகரமும் நிறைந்த கதை அது. ஆனால் அதில் காதற்காட்சிகளின் வருணனை நீளமானது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நான் அதற்கு அடுத்ததாக எடுத்து வைப்பது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. எதிர்கால இந்தியா, சர்வாதிகார ஆட்சி, ரோபோ நாய் என்று கேட்டவுடன் சோழர் கதை வாசகர் திகைக்கக்கூடும். அந்தத் திகைப்பு நீங்க ஒரு விளக்கம் போதும்: அதிகாரப் போட்டியில் தற்செயலாகச் சிக்கிக்கொள்ளும் ஒருவர், ஆட்சிபீடத்தைச் சுற்றிப் பின்னப்படும் சதி, எந்த ஆபத்திலும் குறும்பாகப் பேசும் ஒரு துணை ஆகிய மூன்றும் அதிலும் உண்டு. வந்தியத்தேவனின் துடுக்குப் பேச்சை ரசித்தவருக்கு ரோபோ நாயான ஜீனோவின் பேச்சும் பிடிக்க வாய்ப்பு அதிகம். அதுவும் வார இதழில் தொடராக வந்ததுதான். இயல்களின் அமைப்பிலேயே அந்த வேகம் இருக்கிறது.

அடுத்தவர் வந்தியத்தேவனுக்காகவே படித்தவர். வேரற்ற ஓர் இளைஞன் தன் துணிச்சலையும் வாய்த்திறனையும் மட்டும் நம்பிப் பெரிய வரலாற்று நிகழ்ச்சிகளுக்குள் நுழைந்து விளையாடுவதே அவரை ஈர்த்தது. அவருக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தென்கிழக்காசியாவின் மெடானிலும் பினாங்கிலும் நடக்கும் அந்தப் புதினத்தின் நாயகன் பாண்டியனிடம் அதே துணிச்சல் இருக்கிறது. ஆனால் வந்தியத்தேவனிடம் இல்லாத ஒரு கசப்பும் தனிமையும் அவனிடம் உண்டு. கதை நேர்க்கோட்டில் செல்லாது, நினைவுகள் குறுக்கே வந்து போகும், அந்நாளைய புலம்பெயர் வணிகர்களின் சொற்கள் கலந்திருக்கும். தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த புதினங்களுள் ஒன்று என்று நான் உறுதியாக நம்பினாலும், அதை யாருக்கும் எச்சரிக்கையின்றிக் கொடுக்க மாட்டேன். இலகுவான வாசிப்பை எதிர்பார்த்து வந்தவர் முதல் இயலிலேயே சோர்ந்து போனால், அந்த நூலுக்கு ஒரு நல்ல வாசகரை நாமே இழக்கச் செய்தவர்கள் ஆவோம்.

களத்துக்காகப் படித்தவரை அடையாளம் காண்பது மிக எளிது. நூலை முடித்த கையோடு பழையாறைக்கும் கோடிக்கரைக்கும் பயணம் போய்வந்தவர் அவராகத்தான் இருப்பார். இவருக்குப் புனைகதைதான் தர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ தமிழ் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. கல்வெட்டுச் சான்றுகளின் மேல் எழுப்பப்பட்ட அந்த வரலாற்றைப் பொறுமையாகப் படிப்பவர்கள் இந்த வகை வாசகர்களுள்தான் அதிகம். காலத்தை மாற்றிக்கொள்ளவும் இவர் தயங்க மாட்டார். பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியை எழுப்பிக் காட்டுகிறது. உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ தன்வரலாறுதான் என்றாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காவிரிக்கரையின் பயணங்களும் உணவும் பாடசாலைகளும் ஆதீன மடங்களும் அதில் இருக்கும் அளவுக்கு எந்தப் புதினத்திலும் இல்லை என்பது என் எண்ணம். புனைகதை அலமாரியிலிருந்து வேறு அலமாரிக்கு ஒருவரை அழைத்துச் செல்வதற்குக் களம்தான் மிகவும் நம்பகமான வழி.

நான்காமவர் கல்கியின் குரலை விரும்பியவர். நம்மை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, நடுநடுவே நம்மிடம் பேசியபடி கதை சொல்லும் அந்தத் தோரணைதான் அவருக்கு இன்பம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ களத்தாலும் வட்டார வழக்காலும் கதையமைப்பாலும் முற்றிலும் வேறுபட்டது. தெலுங்கு நாட்டிலிருந்து கரிசல் மண்ணுக்குக் குடிபெயர்ந்தவர்களின் கதையைப் பாட்டி ஒருத்தி நினைவுகூர்வதாக வருவது அது. அரசர்களைச் சுற்றியோ போர்களைச் சுற்றியோ அது நகர்வதில்லை. ஆயினும் கதைசொல்லி நம்மோடு இருக்கிறார் என்ற உணர்வு இரண்டிலும் ஒன்றே. 1976-இல் வெளிவந்த அந்தச் சிறிய நாவல், ஐந்து பாகங்களைப் படித்துக் களைத்தவருக்கு அளவிலும் ஏற்றது.

ஒரே நூலிலிருந்து புறப்பட்டு அறிவியல் புனைகதைக்கும், போர்க்காலப் புதினத்துக்கும், தன்வரலாற்றுக்கும், கரிசல் கதைக்கும் போய்விட்டோம். வகைமை கடந்து பரிந்துரைப்பது என்றால் இதுதான். சாரிக்ஸ் தம் வகைமைக் கையேட்டின் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கு உதவியாக ஒரு குழுப்பிரிப்பைச் செய்தார். பரபரப்பைத் தரும் வகைமைகள், உணர்ச்சியைத் தொடும் வகைமைகள், அறிவைத் தூண்டும் வகைமைகள், ஓர் உலகத்தை விரித்துக் காட்டும் வகைமைகள் என நான்காகப் பிரித்தபோது, நாம் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் சில வகைமைகள் பிரிந்துபோயின. திரில்லர் பரபரப்புக் குழுவில் சேர்ந்தது. துப்பறியும் கதை, புதிரை விடுவிக்கும் இன்பத்தைத் தருவதால், அறிவியல் புனைகதையோடு அறிவுக் குழுவில் சேர்ந்தது. நாம் எதிரெதிராக எண்ணுகிற வரலாற்றுப் புதினமும் மாயக்கற்பனைக் கதையும் ஒரே குழுவில் அமர்ந்தன, ஏனெனில் இரண்டும் நம்மை நம் அன்றாடத்திலிருந்து எடுத்துச்சென்று வேறொரு உலகில் குடியமர்த்துகின்றன. இந்தப் பிரிப்பை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கொலையைத் துப்பறியும் கதைகளை விரும்பும் ஒருவர் கத்தியும் துரத்தலும் நிறைந்த திரில்லரை ஏன் பாதியில் வைத்துவிடுகிறார் என்பதற்கு அது நல்ல விளக்கம் தருகிறது.

இனி உரையாடலுக்கு வருவோம். “உங்களுக்கு மிகவும் பிடித்த புத்தகம் எது?” என்று கேட்டால் பலர் திகைத்துப்போகிறார்கள், தம்மை யாரோ மதிப்பிடுவதாக உணர்ந்து, பெரிய பெயர் ஒன்றைத் தேடுகிறார்கள். “அண்மையில் ரசித்துப் படித்தது ஏதாவது சொல்லுங்களேன், அதில் என்ன பிடித்தது?” என்று கேட்டால் பேச்சு இலகுவாகத் தொடங்கும். அவர் பேசி முடிக்கும்வரை நாம் எந்தப் பெயரையும் சொல்லாமல் இருப்பது கட்டாயம். தெரிந்த நூலின் பெயர் காதில் விழுந்ததுமே குறுக்கிடுவது நம் எல்லாருக்கும் உள்ள இயல்பு. படிக்கும் வழக்கம் விட்டுப்போன ஒருவர் எந்த நூலையும் சொல்ல முடியாமல் நின்றால், அவர் விரும்பிப் பார்த்த திரைப்படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ கேட்கலாம். கதைமேல் உள்ள விருப்பம் எங்கிருந்து வந்தாலும் அதே நான்கு வாசல்கள்தான். இப்போது எந்த மாதிரி மனநிலையில் இருக்கிறார் என்பதும் தெரிய வேண்டும். கனமான புதினங்களை விரும்புகிறவரும் மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருக்கும் நாள்களில் இலேசான ஒன்றையே நாடலாம்.

பிடிக்காதது எது என்று கேட்பது பிடித்ததைக் கேட்பதைவிடப் பல வேளைகளில் பயன் தரும். குழந்தையின் மரணம், பாலியல் வன்முறை, சாதியின் பெயரால் இழைக்கப்படும் அவமானம் ஆகியவற்றைப் படிக்க இயலாத நிலையில் ஒருவர் இருக்கலாம். அதற்கான காரணத்தை அவர் நம்மிடம் சொல்ல வேண்டியதில்லை, நாம் தோண்டவும் கூடாது. “தவிர்க்க விரும்புவது ஏதாவது உண்டா?” என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முதியவர்களிடம் எழுத்தின் அளவையும் நூலின் எடையையும் மறக்காமல் பேச வேண்டும். ஆயிரம் பக்கக் கெட்டி அட்டை நூலைக் கையில் தூக்கிப் படிக்க முடியாதவருக்கு அதே நூலின் தனித்தனிப் பாகங்களாலான பதிப்பு ஏற்றதாகலாம்; திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கத் தெரிந்தவருக்கு தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் உதவலாம்.

கொடுக்கும்போது இரண்டு அல்லது மூன்று நூல்களோடு நிறுத்த வேண்டும். ஒன்றே ஒன்றைக் கொடுத்தால் மறுக்க முடியாத வற்புறுத்தலாகிறது. பத்துப் பெயர்களைக் கொடுத்தால் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் எதையும் தொடங்காமல் விட்டுவிடுகிறார்கள். மூன்றில் ஒன்று அவர் ரசித்ததற்கு மிக அருகில் இருக்கலாம், ஒன்று சற்று விலகியிருக்கலாம், ஒன்று அவர் தாமாக ஒருபோதும் எடுக்காத அலமாரியிலிருந்து வரலாம். ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்னதோடு தொடர்புபடுத்தி ஒரு காரணம் சொல்ல வேண்டும். கதையைச் சுருக்கிச் சொல்வது காரணம் ஆகாது. விருது பெற்றது என்பதும் ஆகாது. “வேகமாகப் போகும், பேச்சு நிறைய இருக்கும், முடிவு மட்டும் சற்றுக் கனமானது” என்று அனுபவத்தைச் சொன்னால், தமக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். வேண்டாம் என்றால் முகம் வாடாமல் ஏற்றுக்கொள்வதும் இந்தப் பணியின் ஒரு பகுதி. சிறுவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்: பெற்றோர் உடன் இருந்தாலும் கேள்வியைக் குழந்தையிடமே கேட்க வேண்டும், தேர்வையும் அதன் கையிலேயே விட வேண்டும்.

இவ்வளவையும் செய்ய எல்லா வகைமைகளிலும் எல்லாவற்றையும் படித்திருக்க வேண்டுமோ என்ற அச்சம் எழுவது இயல்பு. அது யாராலும் இயலாது, தேவையும் இல்லை. நமக்குப் பழக்கமில்லாத ஒவ்வொரு வகைமையிலும், அதன் வாசகர்கள் போற்றும் நூல்களுள் ஓரிரண்டை முழுமையாகப் படித்தால் அந்த வகைமையின் வாக்குறுதி புரிந்துவிடும். அப்படிப் படிக்கும்போது இது எனக்குப் பிடிக்கிறதா என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, இதை விரும்புகிறவர் எந்தப் பக்கத்தில் மகிழ்ந்திருப்பார் என்று தேட வேண்டும். மற்ற நூல்களைப் பத்து நிமிடத்தில் பழகிக்கொள்ளலாம்: அட்டைக் குறிப்பைப் படித்து, முதல் சில பக்கங்களை நிதானமாக வாசித்து, நடுவில் இரண்டு மூன்று இடங்களில் சில பக்கங்கள் பார்த்து, கடைசி இயலின் மனநிலையை மட்டும் தொட்டுப் பார்த்தால், நூலின் வேகமும் குரலும் களமும் தெரிந்துவிடும். ஒரு குறிப்பேடு இருப்பது மிக நல்லது. அதில் கதைச் சுருக்கம் எழுதுவதை விட இரண்டு வரிகள் எழுதினால் போதும்: எந்த வாசல் அகலமானது, யாருக்கு இதைக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது வரிதான் பின்னால் அதிகம் உதவும்.

இணையக் கடைகள் செய்யும் பரிந்துரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நூலை வாங்கியவர்கள் வேறெந்த நூல்களை வாங்கினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் முறை, அமேசான் 2003-இல் அதை விளக்கிக் கட்டுரை வெளியிட்ட காலத்திலேயே நன்கு நிலைபெற்றிருந்தது. ஏராளமானோர் வாங்கும் நூல்களுக்கு அது வியப்பூட்டும் அளவுக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதற்குத் தெரிவது ஒருவர் வாங்கியது மட்டும். எதனால் வாங்கினார், படித்து மகிழ்ந்தாரா, மகனுக்காக வாங்கினாரா என்பதை அது ஊகிக்கத்தான் வேண்டும். சில நூறு பிரதிகள் மட்டும் விற்கும் தமிழ் நூல் ஒன்றுக்கு ஒப்பிடுவதற்குப் போதிய வாங்கியோரே இருக்க மாட்டார்கள். அத்தகைய நூல்கள் உரிய வாசகரை அடைய இன்றும் மனிதர்களே வேண்டியிருக்கிறது, தமிழில் நல்ல நூல்களுள் பெரும்பகுதி அத்தகையவைதாம்.

கொடுத்த நூல் திரும்பி வரும்போது நடக்கும் உரையாடலை முதல் உரையாடலுக்கு இணையாக மதிக்க வேண்டும். நான்சி பெர்ல் ஒரு விதி சொல்வார்: ஐம்பது பக்கம் படித்தும் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நூறிலிருந்து தம் வயதைக் கழித்து, மிஞ்சும் எண்ணிக்கையளவு பக்கங்களைப் படித்தால் போதும். எழுபது வயதுக்காரர் முப்பது பக்கத்தில் முடிவெடுக்கலாம். இந்த விதியை வாசகரிடம் முன்பே சொல்லி வைத்தால், பாதியில் நிறுத்தியதைச் சொல்ல அவர் கூச்சப்பட மாட்டார். “பிடிக்கவில்லையா?” என்று கேட்காமல் “எந்த இடத்தில் நின்றுவிட்டது?” என்று கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும். ‘புயலிலே ஒரு தோணி’யைக் கொண்டுவந்து, “யார் எப்போது பேசுகிறார் என்றே பிடிபடவில்லை” என்று ஒருவர் சொன்னால், அவருக்குப் பாண்டியன் பிடிக்காமல் போகவில்லை, காலம் முன்பின்னாக நகர்வதுதான் தடையாக இருந்தது என்று அறியலாம். “அவன் தனிமை என்னையும் பிடித்துக்கொண்டது, படிக்க முடியவில்லை” என்று சொன்னால் மனநிலைதான் பொருந்தவில்லை. முன்னவருக்கு நேர்க்கோட்டில் நகரும் இன்னொரு பயணக் கதையைத் தேட வேண்டும். பின்னவருக்கு அதே துணிச்சலை நம்பிக்கையோடு சொல்லும் ஒன்றைத் தேட வேண்டும்.